கேட்டுக்கொண்டிருந்தவர்

நாவலூரில் எங்கள் அடுக்ககத்தில் பல வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேலை சூடுபிடிக்கும். என் மகளும் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவள். உள்ளறையில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் டிவியின் சத்தத்தை முழுசாக அணைத்துவிடுவேன். போன வாரம் ஒரு ராத்திரி அப்படித்தான் 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. நாகேஷ், பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி.

எத்தனையோ தடவை பார்த்த காட்சி. நாகேஷின் வாயையே பார்த்துப் பழகிய கண், அன்று சத்தம் இல்லாததால் பாலையாவிடம் போய் நின்றுவிட்டது. படம் எடுக்கிறேன் என்று அலையும் மகனின் கதையை, பணக்காரத் தகப்பனுக்குரிய மிதப்போடுதான் கேட்க ஆரம்பிக்கிறார். கதை இருட்டுக்குள் நுழைய நுழைய மிதப்பு கழன்று விழுகிறது. விழி பெரிதாகிறது, வாய் திறந்தபடி நிற்கிறது, அவ்வளவு பெரிய உடம்பு குழந்தையைப் போல ஒடுங்குகிறது. அந்தத் திகில் நாகேஷின் கையில் பிறந்தாலும் குடியிருப்பது பாலையாவின் முகத்தில்தான். அவர் நிஜமாகப் பயந்தால்தான் நமக்குச் சிரிப்பு வரும். அவர் கொஞ்சம் சிரித்துவிட்டிருந்தால்கூட காட்சி படுத்திருக்கும்.

1914இல் பிறந்த டி.எஸ். பாலையா, நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936இல் வந்த 'சதி லீலாவதி'தான் அவருக்கு முதல் படம். எம்.ஜி.ஆர் அறிமுகமானதும் அதில்தான். வில்லனாகத் தொடங்கி, பல வருஷம் வில்லனாகவே பேர் வாங்கினார். 'தூக்குத்தூக்கி'யில் சேட்டாக வந்தபோதே வில்லத்தனத்துக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்தது. 1964இல், ஐம்பதை நெருங்கும் வயதில், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் அது முழுசாக வெளியே வந்தது. ஊரை மிரட்டிய அதே விழிகள் இங்கே மிரண்டன. அவரைச் சிரிப்பு நடிகர் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. குணச்சித்திர நடிகர் என்றுதான் சொல்வார்கள். சிரிக்கவைக்கத் தனியாக எதுவும் செய்யாமல், அந்த மனிதராகவே இருந்து சிரிக்கவைத்தார்.

மறு வருஷம் 'திருவிளையாடல்'. பாண்டிய நாட்டையே எழுதித் தரச் சொல்லும் கர்வத்தோடு ஹேமநாத பாகவதர் பாடுகிறார். பாட்டு பாலமுரளிகிருஷ்ணாவுடையது, திமிர் பாலையாவுடையது. ஆனால் எனக்கு அவர் பாடியதைவிடக் கேட்டதுதான் பெரிதாகப் படுகிறது. ராத்திரியில் விறகு விற்க வந்தவன் பாடுவதைக் கேட்டு, ஒரு வித்துவானின் கர்வம் அவர் முகத்தில் பொடியாவதைப் பாருங்கள். அந்தத் தோல்வியில் பொறாமை இல்லை. சங்கீதம் தெரிந்தவனின் பிரமிப்புதான் இருக்கிறது.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, பக்கத்தில் தவில்காரர் முத்துராக்குவாக பாலையா. நாதஸ்வரம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று அறிந்தே தவில் அடி விழவேண்டும். தவில்காரருக்குக் காதுதான் முதல் வாத்தியம். பாலையாவுக்கும் அப்படித்தான். எதிரே நிற்பவர் சிவாஜியானாலும் நாகேஷானாலும், அவர்கள் சொல்வதை அந்த நிமிஷம்தான் முதல்முறையாகக் கேட்பவர்போல் கேட்டார்.

1972இல் அவர் போய்விட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கதைசொல்லும் காட்சி பழசாகாததற்குக் காரணம், அந்தக் கேட்பு பழசாகவில்லை என்பதே. சொல்பவனைப் பெரிதாக்கும் கேட்பு அது. நம் வீடுகளில் குறைந்துகொண்டே வருவதும் அதுதான்.

பன்னிரண்டு மணிக்கு மகள் வெளியே வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமாப்பா?" என்றாள். டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.