விதைப்பங்கு

கப்பா பாசிக்கு விதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அறுத்த பாசியிலேயே ஒரு பங்கைத் துண்டு போட்டுத் திரும்பக் கட்டுகிறோம். பிலிப்பைன்ஸ் கடலின் பாசி இது. 1990-களில் மண்டபம் கரைக்கு வந்த நாளிலிருந்து துண்டுக்குத் துண்டு பெருகித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

கணக்கு எளிது. 12 அடிச் சதுர மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆக 60 கிலோ விதை. கடல் ஒத்துழைத்தால் 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். விதைப்பங்கு போக மிச்சத்தைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு தேறும். விலை ஏறுகிற வாரத்தில் அந்த 60 கிலோவிலும் கை வைக்கத் தோன்றும். வைக்கக் கூடாது. நல்ல பாசி விதைக்கு, அடுத்த தரம் வியாபாரிக்கு. நான் பழகிய வரிசை இதுதான்.

விதைத் துண்டு இளசாக, கிளை நிறைந்து இருக்க வேண்டும். வளைத்தால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரிச் சடக்கென்று ஒடியணும். தொட்டால் கொழகொழப்பதும் தண்டில் வெள்ளை விழுந்ததும் ஆகாது. ஓலைப் பந்தலுக்குள் உட்கார்ந்து, ஈரச்சாக்கு மூடித்தான் கட்டுவோம். வெயிலும் ஆகாது, மழைத்தண்ணீரும் ஆகாது. முடிச்சு இறுகினால் தண்டை அறுக்கும், தளர்ந்தால் அலை கொண்டுபோகும். இதில் பெண்களின் விரலுக்கு ஈடில்லை. நான் கட்டுவதை அவிழ்த்துக் கட்டுகிற மதினிகள் இங்கே உண்டு!

மிதவைக்கு அடியில் வலை கட்டுவது ஓரா மீன் மேயாமலிருக்க. உதிர்ந்த துண்டு வெளியே போகாமலும் அது ஓரளவு தடுக்கும். குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் எழுதியபோது இங்கே பலருக்குக் கோபம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பவளம் போனால் மீன் போகும். பாசிக்காரன் வீட்டிலும் மீன்பிடிக்கிறவன் இருக்கிறான். வளர்ப்பு வடகடலோடு, அதாவது பாக் விரிகுடாவோடு, நிற்பது நல்லது.

காற்று விழுந்து தண்ணீர் சுடும் நாட்களில்தான் வெள்ளை விழும். 2013 வாக்கில் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் காய்ந்த பாசி கொடுத்த கரை, அதன்பின் சூட்டில் சரிந்தது. பலர் விதையே இல்லாமல் தொழிலை விட்டார்கள். தொண்டி அருகே வலமாவூரில் பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எத்தனை மாடி வேண்டுமானாலும் இருக்கட்டும். சித்திரைச் சூடு தாங்கும் விதையை அங்கிருந்து பங்குனிக்குள் கரைக்குக் கொடுத்தால் போதும், மிதவையை நாங்கள் கட்டிக்கொள்வோம்.