கதவும் வேண்டும், பூட்டும் வேண்டும்

பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வடக்கே வந்த நம் பெரியோர்க்கு எழும்பூரையும் சென்ட்ரலையும் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் வண்டி எழும்பூரோடு நின்றுவிடும். தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் செல்லும் வண்டியோ சென்ட்ரலிலிருந்து புறப்படும். முன்னது 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ். பின்னது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ஒன்றன் பெட்டி மற்றொன்றன் தண்டவாளத்தில் ஓடாது. ஆதலின் மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் இறங்கி, சென்னைத் தெருக்களைக் கடந்து, மறுபடியும் ஏறவேண்டியிருந்தது. 1992இல் தொடங்கிய யூனிகேஜ் திட்டம் இத்தகைய தொல்லைகளைக் குறைத்தது. ஆனால் அதற்காகப் பல்லாயிரம் கிலோமீட்டர் பாதையைப் பெயர்த்து மீண்டும் அமைக்க நேர்ந்தது.

கணினிகளுக்குள்ளும் இதுபோன்ற வேறுபாடு உண்டு. விண்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் மேக் என்றும் வழங்கும் இயங்குதளங்கள் தத்தம் வட்டில் தத்தம் முறைப்படியே கோப்புகளை அடுக்கி வைக்கின்றன. ஆயினும் ஒரே கம்பியிலோ ஒரே வைஃபையிலோ இணைந்துவிட்டால், ஒன்றன் கோப்புறையை மற்றொன்று திறந்து படிக்கக்கூடும். இங்கே எவரும் தண்டவாளத்தைப் பெயர்க்கவில்லை. வீட்டுக்குள் அவரவர் முறை அவரவர்க்கு. வாயிலில் நின்று பேச மட்டும் ஒரு பொதுமொழி. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இந்தியும் பேசி வாழும் நமக்கு இது புதுமையன்று.

அப்பொதுமொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதனை வகுத்தார். பின்னர் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை ஏற்று வளர்த்தது. பிற இயங்குதளத்தார் இதனைக் கற்க வழிகாட்டும் முழுமையான இலக்கண நூல் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில், கான்பெரா நகரப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல், கம்பியில் ஓடும் செய்திகளை உற்றுநோக்கியே இம்மொழியைக் கற்றார். தாம் எழுதிய நிரலை 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகுக்கு இலவசமாக வழங்கினார். அதுவே இன்று சாம்பா என்று வழங்குகிறது. இது நம் சம்பா நெல்லன்று. எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் முறையே வரும் சொல்லை அகராதியில் தேடி எடுத்து இட்ட பெயர். ஐரோப்பிய ஆணையம் 2004இல் அளித்த தீர்ப்பின் பயனாக, 2007 டிசம்பரில்தான் அம்மொழியின் விவரக் குறிப்புகள் மைக்ரோசாப்டிடமிருந்து சாம்பா குழுவினரின் கைக்கு வந்தன.

இச்செய்திகளை நாம் ஆராயப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்து அறையிலுள்ள பழைய கணினியில் 40 ஒலிப்பதிவுகள் இருந்தன. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவர், தம் ஊர்க் கதைகளையும் விடுகதைகளையும் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த காலத்தில் பதிந்தவை அவை. வேறு படி எங்கும் இல்லை. கணினியின் வட்டோ ஒவ்வொரு நாளும் புதியதோர் ஓசை எழுப்பத் தொடங்கியிருந்தது. அவருடைய துணைவியார் ஒருநாள் வந்து, “தம்பி, அந்தக் குரல் போய்விடாதல்லவா?” என்று கேட்டார். போகாது என்று சொல்லிவிட்டோம். சொன்ன சொல்லைக் காக்க வேண்டுமே!

பழைய கணினி விண்டோஸ் எக்ஸ்பி. புதிதாக வாங்கியது லினக்ஸ். இரண்டையும் இணைத்தோம். புதியது பழையதை அறிந்துகொள்ள மறுத்தது. காரணம் இதுதான்: எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பு ஒன்றே. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் அம்முதற்பதிப்பின் ஓட்டை வழியாகப் புகுந்து, உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதே ஆண்டின் இறுதிப்பகுதி தொட்டு, புதிதாக நிறுவப்படும் விண்டோஸில் முதற்பதிப்பு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 2019 முதல் சாம்பாவும் அதனைத் தானாக ஏற்பதில்லை.

சங்கத்து இளைஞர் ஒருவர், “அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் இரண்டும் பேசிக்கொள்ளும்” என்றார். அவர் கூறியது உண்மையே. ஆனால் அவசரத்துக்குத் திறந்த கதவை மீண்டும் மூட யாருக்கு நினைவிருக்கும்? ஆகவே வேறு வழியைக் கொண்டோம். பழைய கணினியின் கம்பியைக் கழற்றினோம். ஒலிப்பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்தோம். வைரஸ் உண்டா என்று சோதித்தபின் புதியதில் சேர்த்தோம். 40 பதிவுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்து, வேறொரு வட்டிலும் படியெடுத்து வைத்தோம்.

அதன்பின் புதிய கணினியில் சாம்பாவை நிறுவி, ஒரு கோப்புறையைப் பகிர்ந்தோம். அப்போது எழுந்தது ஒரு வழக்கு. “நம்மவருக்குள் கடவுச்சொல் எதற்கு? யார் வந்தாலும் திறக்கட்டுமே” என்றனர் சிலர். புதிய விண்டோஸ் பதிப்புகள் பலவும் பெயரில்லா விருந்தினராய் நுழைவதை விரும்புவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சிறுவனின் விரல் தவறிப் பட்டாலும் ஒரு பெரியவரின் குரல் அழிந்துபோகும் என்பதன்றோ நாம் கருதவேண்டுவது? ஆதலின் உறுப்பினர் அனைவர்க்கும் பெயரும் கடவுச்சொல்லும் தந்து படிக்கும் உரிமை அளித்தோம். சேர்க்கவும் நீக்கவும் இருவர்க்கு மட்டுமே உரிமை. பூட்டு என்பது ஐயத்தின் அடையாளமன்று, பேணுதலின் அடையாளம்.

தத்தம் இல்லத்தில் இதனைச் செய்ய விரும்பும் அன்பர்க்குச் சில குறிப்புகள். சாம்பாவுக்குரிய கடவுச்சொல்லைத் தனியே அமைக்கவேண்டும். லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் இருந்தால் மட்டும் போதாது. பகிர்வில் அனுமதி தந்தபின்னும் கோப்புறையின் சொந்த அனுமதி மூடியிருந்தால் உள்ளே செல்ல இயலாது. வாயிற்கதவும் அறைக்கதவும் இரண்டும் திறக்கவேண்டும். பட்டியலில் கணினியின் பெயர் தோன்றாவிடின் மனந்தளர வேண்டா, அதன் ஐ.பி. எண்ணை நேரே இட்டால் பெரும்பாலும் வழி கிடைக்கும். கோப்பின் பெயரில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் இடலாகாது. லினக்ஸ் அவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. ‘வாலில்லாக் குரங்கு எது?’ என்று நாம் பெயரிட்ட விடுகதை, விண்டோஸில் அடையாளமே தெரியாத எழுத்துக் குவியலாய்த் தோன்றிற்று! ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வெவ்வேறாகவே கருதும். தமிழில் அவ்வேறுபாடு இன்மையால், தமிழிற் பெயரிடுவோர்க்கு அத்தொல்லையும் இல்லை.

வேலை முடிந்த ஞாயிறன்று அவ்வம்மையார் பெயர்த்தியுடன் வந்திருந்தார். சிறுமியின் மடிக்கணினி விண்டோஸ். தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அவளே இட்டாள், கோப்புறை திறந்தது. தான் பிறப்பதற்கு முன் பதிந்த தாத்தாவின் குரலைக் கேட்டு, முதல் விடுகதைக்கே தவறான விடை சொன்னாள். பாட்டியார் சிரித்தார், பின்னர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நம் வீடுகளில் இதுபோன்ற குரல்கள் இன்னும் எத்தனையோ பழைய கைப்பேசிகளிலும் வட்டுகளிலும் உறங்குகின்றன. அவற்றையுடைய அன்பர்கள் சங்கத்துக்குக் கொணர்க. படியெடுத்துத் திருப்பித் தருவது நம் பொறுப்பு.