பெட்டிக்குள் ஒரு புரொபசர்

மளிகைக் கடையில் மல்லியும் வெல்லமும் மடித்துக் கொடுத்த பேப்பரைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு இருந்தது. பாதிக் கொலைச் செய்தி இருக்கும். கொலை செய்தது யார் என்கிற மீதி, அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய துவரம்பருப்போடு போயிருக்கும். எல்லாம் பாக்கெட்டாக வர ஆரம்பித்த பிறகு அந்த இலக்கிய சேவை நின்றுவிட்டது.

ஏ.கே. ராமானுஜன் இந்த வழக்கத்தை வைத்து இங்கிலீஷில் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். பேர் 'ஆபிச்சுவரி'. அப்பா இறந்துபோகிறார். மிச்சம் வைத்துவிட்டுப் போனது கடனும், பெண்களும், இன்ன பிறவும். அவருடைய மரணச் செய்தி ஒரு மெட்ராஸ் பேப்பரின் உள்பக்கத்தில் துணுக்காக வந்ததாம். மகன் அந்தத் துணுக்கைப் பழைய பேப்பர் பொட்டலங்களில் தேடிக்கொண்டிருக்கிறான். முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

இதை எழுதியவருடைய சொந்தக் காகிதங்களில் ஒன்றுகூடப் பொட்டலம் மடிக்கப் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில், தூசி படாத பெட்டிகளில், குளுகுளு அறையில் இருக்கின்றன. இதில் அவருக்கு லாபமா நஷ்டமா என்று எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு யோசனை. காரணம் பிறகு சொல்கிறேன்.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1929-ல் மைசூரில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். கீழே சமையலறையில் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம், மாடியில் அப்பாவின் அறையில் இங்கிலீஷ் என்று ஒரே வீட்டில் மூன்று பாஷை. (நம்ம வீட்டிலும் மூன்று உண்டு. மூன்றும் தமிழ், ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று மனைவிக்கு, ஒன்று ஹவுஸ் ஓனருக்கு.) 1959-ல் அமெரிக்கா போனார். 1962-ல் சிகாகோவில் வாத்தியார் ஆனார். 1976-ல் பத்மஸ்ரீ. 1993 ஜூலை 13-ந் தேதி, ஒரு ஆபரேஷனுக்காக மயக்கமருந்து கொடுத்ததில் கோளாறாகி, 64 வயதில் போய்விட்டார். 2011-ல் டெல்லி பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து ஒரு ராமாயணக் கட்டுரையைத் தூக்கியது என்று அமளி நடந்ததே, அதை எழுதியவர் இவர்தான். செத்துப் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் நம்மில் பல பேருக்கு அவர் பேர் தெரிந்தது.

இந்தப் பெட்டி சமாசாரத்தை அமெரிக்காவில் ஒரு சாஸ்திரமாகவே செய்கிறார்கள். ஒரு புரொபசரின் காகிதங்கள் வந்து சேர்ந்தால், அவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ கூடியவரை அந்த வரிசையைக் கலைக்க மாட்டார்கள். துருப்பிடிக்கும் குண்டூசி, க்ளிப் எல்லாம் எடுத்துவிடுவார்கள். அமிலம் இல்லாத அட்டைக் கோப்பு. எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு என்று ஒரு பட்டியல். மொத்தச் சரக்கை அடிக்கணக்கில் சொல்வார்கள். அலமாரியில் எத்தனை அடி இடம் அடைக்கிறது என்பது கணக்கு. நம்ம ஊரில் கிலோக்கணக்கு. பார்க்கப் போகிறவர் பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். மாணவர்களுக்குப் போட்ட மதிப்பெண், கொடுத்த சிபாரிசுக் கடிதம் மாதிரி விஷயங்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பூட்டி வைப்பதும் அங்கே வழக்கம். 'பையன் சுமார்தான்' என்று புரொபசர் எழுதிய ரகசியம் வெளியே வரும்போது பையனுக்குப் பல் இருக்காது.

ராமானுஜனே இப்படி ஒரு காகிதத்தால் மாட்டிக்கொண்டவர்தான். சிகாகோ போன புதிதில், 1962-ல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று நூலகத்தின் அடித்தளத்தில் தேடிக்கொண்டிருந்தார். பேசின தமிழ் வேறு, சங்கத் தமிழ் வேறு. அதை அவர் படித்ததில்லை. அப்போது கையில் தட்டுப்பட்டது 1937-ல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை. இலக்கணத்தை விட்டார், இதைப் பிடித்தார். 1967-ல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று இங்கிலீஷில் வந்தது. சங்கக் கவிதை என்று ஒன்று இருப்பதே உலகத்தில் பல பேருக்கு அந்தச் சின்னப் புத்தகத்தால்தான் தெரிந்தது. மைசூர்க்காரர், மாம்பலத்தில் கிடைக்கிற புத்தகத்தை மிச்சிகன் ஏரிக்கரையில் போய்க் கண்டுபிடித்தார். அதுவும் யாரும் சீந்தாமல் கிடந்த பழைய புத்தக அடுக்கில்.

அந்தக் குறுந்தொகை அச்சுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடிப்போய்ச் சேர்த்தவர் சாமிநாதையர். அவரும் காலேஜ் வாத்தியார்தான். ஏட்டை மட்டுமா? தமக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களையும் பத்திரப்படுத்தி வைத்துவிட்டுப் போனார். சென்னை பெசன்ட் நகரில் அவர் பேரில் இருக்கிற நூலகத்தில் அவை இருக்கின்றன. அடுத்த ஆச்சரியம் கோட்டையூர் ரோஜா முத்தையா. சைன்போர்டு எழுதுகிற தொழில். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் உள்பட சுமார் ஒரு லட்சம் அச்சுச் சரக்கைச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானதும் அதைக் காப்பாற்ற வந்தது அதே சிகாகோ பல்கலைக்கழகம்தான். 1994-ல் சென்னையில் நூலகமாயிற்று. ஆக, நம்மாளுக்குச் சேர்க்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. சேர்க்கிறவன் ஒருத்தன், அவன் போனதும் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுகிறவர்கள் ஒன்பது பேர். அங்கேதான் இடிக்கிறது.

ராமானுஜன் பெட்டிகளில் எனக்குப் பிடித்தது வரைவுகள். ஒரே கவிதைக்குப் பல வரைவு. அடித்து, திருத்தி, வருஷக்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி எடுத்து அடித்திருக்கிறார். மனுஷன் இருபது வருஷத்தில் இங்கிலீஷில் மூன்றே மூன்று புதுத் தொகுப்பு போட்டார்: 1966, 1971, 1986. மிச்சமெல்லாம் பெட்டியில். ஆபீஸில் ஒரு லீவ் லெட்டரை நாலு தடவை எழுதிக் கிழிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! அச்சான கவிதையைப் பார்த்தால் ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். வரைவைப் பார்த்தால்தான் அவரும் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தவர் என்று தெரிகிறது.

அவர் இறந்தபோது கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் இருந்தன. அதிலிருந்து பொறுக்கி, 'தி பிளாக் ஹென்' என்று தலைப்பிட்டு, 1995-ல் வந்த மொத்தத் தொகுப்பில் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்புக்கு 1999-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இன்றைக்கு எழுதுகிறவர் செல்போனில் எழுதி, பிடிக்காததை அழித்துவிட்டு, போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுகிறார். எதிர்கால ஆராய்ச்சி மாணவர் பாவம், சார்ஜரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் டைரியில் ஆரம்பிக்கிறது.

2019-ல் 'ஜர்னீஸ்' என்று அவருடைய டைரிக் குறிப்புகள் புத்தகமாக வந்தன. அவர் மகனும் ஒரு ஸ்பானிய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து பதிப்பித்தது. இருபது வயதில், 1949-ல் ஆரம்பிக்கிறது. கப்பலில் அமெரிக்கா போனது இருக்கிறது. 1971-ல் மெஸ்கலின் என்கிற போதைச் சரக்கைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதிய பக்கங்கள்கூட இருக்கின்றன. தன் எழுத்தின் மேலேயே சந்தேகம், மன உளைச்சல், எல்லாம். அப்புறம் 2023-ல் 'சோமா' வந்தது. சோமபானத்தை வைத்து எழுதிய கவிதைகள். உயிரோடு இருந்தவரை அவர் அதைப் புத்தகமாக்கவில்லை.

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர் கேட்டார்: "செத்துப்போனவர் டைரியைப் படிக்கறீங்களே, தப்பில்லையா சார்? உயிரோட இருக்கறவர் டைரியைப் படிச்சா உதைப்பாங்க."

"அவர் பெரிய எழுத்தாளர்ப்பா."

"அப்ப பெரிய ஆளுன்னா உதைக்க மாட்டாங்களா?"

பதில் சொல்லத் தெரியாமல் டீ சாப்பிடப் போனேன். ஆனால் யோசித்துவிட்டேன். கவிதையை ஒருவர் வெளியிடாமல் வைத்தால் அதற்குக் காரணம் இருக்கும், இல்லை சோம்பலாக இருக்கும். எது என்று நமக்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் அவரே கிழித்துப் போட்டிருக்கலாம், கிழிக்கவில்லை. அதனால் வரைவுகளையும் கவிதைகளையும் படிக்க எனக்குக் கூச்சமே இல்லை. டைரி அப்படி இல்லை. அதில் மற்றவர்களும் வருகிறார்கள். அவர்கள் யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

இந்த வாதம் எனக்கு வெறும் டீக்கடைப் பேச்சாக இருந்திருக்கும், பெரியப்பா விட்டுப்போன டிரங்குப் பெட்டி என் தலையில் விழாமல் இருந்திருந்தால்.

பெரியப்பா ஒரு காலேஜில் தமிழ்ப் பேராசிரியர். மரபுக் கவிதை எழுதுவார். உள்ளூர்க் கவியரங்கங்களில் தலைமை தாங்குவார். எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் அத்தனைக்கும் வாழ்த்துப்பா அவருடையதுதான். மாப்பிள்ளை பேர் வெண்பாவில் உட்காராவிட்டால் மாப்பிள்ளையைக் கோபிப்பார். காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் சொன்னான்: "நீதான் எழுதறே படிக்கறே. பெட்டியை நீயே பார்த்துக்க. ரூமைக் காலி பண்ணணும்."

பெட்டிக்குள் முப்பது, நாற்பது நோட்டுப் புத்தகம். மாணவர்களின் பழைய கடிதங்கள். அரியர் கணக்குப் போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு ஆசிரியப்பா. வாழ்த்துப்பாக்களின் வரைவு ஒரு கட்டு. என் கல்யாணத்துக்கு எழுதியதைத் தேடி எடுத்தேன். மூன்று வரைவு போட்டிருக்கிறார். முதல் வரைவில் 'அறிவிற் சிறந்தோன்' என்று இருந்த நான், மூன்றாவதில் 'அடக்கம் நிறைந்தோன்' ஆகியிருக்கிறேன். தளை தட்டியதா, மனசாட்சி தட்டியதா, தெரியவில்லை.

அடியில் ஏழு டைரிகள். ஒன்றைப் பிரித்தேன். 1970-களில் ஒரு வருஷம். நாலு பக்கம் போவதற்குள் வீட்டு விஷயம் வந்துவிட்டது. வேலை போகப் பார்த்தது, யாரிடமோ கை நீட்டியது, பெரியம்மாவோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தது. மூடிவிட்டேன்.

அண்ணனுக்கு ஒரே முடிவு: "கொளுத்திடு." பெரியப்பாவின் பழைய மாணவர் ஒருவர் வேறு மாதிரி: "சார் கையெழுத்து, ஒரு பக்கத்தைக்கூட விடக்கூடாது." பேசாமல் நான் சிகாகோ வழியைப் பிடித்தேன். கவிதை நோட்டுகளும் வரைவுகளும் அந்த மாணவர் பொறுப்பில். ஸ்கேன் எடுத்து அவர் படித்த காலேஜ் நூலகத்தில் சேர்ப்பதாகப் பேச்சு. துருப்பிடித்த குண்டூசிகளை ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து நானே பிடுங்கினேன். கட்டுகளின் வரிசையைக் கலைக்கவில்லை. டைரி ஏழையும் அவருடைய பழைய எட்டு முழ வேட்டியில் சுற்றி, மேலே ஒரு அட்டை கட்டினேன்: '2060-க்கு முன் திறக்கக் கூடாது.'

பெரியம்மா வாசல் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். எண்பது வயது. கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

"அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாடா?"

"நாலு பக்கம்தான் படிச்சேன் பெரியம்மா. அதுக்கு மேல படிக்கலை."

"நான் ஏழும் படிச்சிருக்கேன். அவர் காலேஜுக்குப் போனப்புறம் எடுத்துப் படிச்சுட்டு, இருந்த மாதிரியே வச்சிடுவேன். மூணாவதுல நடுவுல ஒரு தாள் இருக்காது, பாத்தியா?"

"இல்லையே... கிழிச்சது யாரு, பெரியப்பாவா?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆய்ந்த கீரையை முறத்தில் தட்டிவிட்டு, "உள்ளே மேல் அலமாரியில வை. எலி வராத இடமா பாத்து வை" என்றார்கள்.