கிணற்றடியில் ஹுத்ஹுத்

முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் 'அந்நம்ல்' அத்தியாயத்திற்குப் பொருள் சொல்லி வருகிறோம். ஸுலைமான் நபி (அலை) அவர்களிடம் ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுத் எதுவென்று பிள்ளைகள் கேட்டால், 'மரங்கொத்தி' என்போம். நம் உஸ்தாதும் அவ்வாறே சொல்லித் தந்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு நாள் சுபுஹு தொழுது வீடு திரும்பியபோது, இளைய மகள் கிணற்றடியைச் சுட்டிக்காட்டினாள். செம்மண் நிற மேனி. சிறகிலே கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டைகள். தலையிலே விசிறிபோல் கொண்டை. "மரங்கொத்தி" என்றோம்.

"மரத்தை எங்கே கொத்துகிறது, வாப்பா? மண்ணையல்லவா கொத்துகிறது!" என்றாள்.

நீண்டு வளைந்த அலகு ஈர மண்ணில் புழுவைத் துழாவிக்கொண்டிருந்தது. ஸலீம் அலி அவர்கள் 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலைப் பிரித்து, அது கொண்டலாத்தி என்று மகள் காட்டினாள். அது வேலியிலமர்ந்து கூவியபோதுதான், ஹுத்ஹுத் என்னும் அரபிப் பெயரே அதன் குரல் என்பது நமக்கு விளங்கிற்று. அகராதிகளைப் புரட்டிய நாம், முற்றத்தைப் பார்த்தோமில்லை!

அன்று தொட்டு வீடே பறவை பார்க்கத் தொடங்கிவிட்டது. மார்கழியில் கோடியக்கரை உப்பங்கழியில் பூநாரைக் கூட்டத்தைக் கண்டபோது, இரவல் தொலைநோக்கியை வீட்டாரிடமிருந்து வாங்குவதே பெரும்பாடாயிற்று. பழைய மாணவர்களைக் காணுமிடமெல்லாம், "குறிப்பேட்டில் மரங்கொத்தி என்பதை அடித்துவிட்டுக் கொண்டலாத்தி என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வருகிறோம்.