தங்க அட்டையும் பழைய பத்திரிகைக் கட்டுகளும்

விமானப் பயணத்தில் பொதிக்கெனத் தனிக் கட்டணம் செலுத்துவது என் தலைமுறையினருக்குப் பழக்கமில்லாத ஒன்று. நான் பத்திரிகைத்துறையில் கால்வைத்த காலத்தில், கட்டுநாயக்காவிலிருந்து புறப்படுபவரின் பயணச்சீட்டிலேயே 20 கிலோ என்றோ 30 கிலோ என்றோ எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். நாமும் கருமபீடத்தின் முன்னால் நின்று மன்றாடுவோம். இளகிய மனம் படைத்த ஊழியராயின் இரண்டு மூன்று கிலோவைக் கண்டும் காணாதவராக விட்டுவிடுவார். இன்று அந்த மன்றாட்டத்துக்கு இடமில்லை. தராசு கணினியோடு நேரே பேசுகிறது. கணினியோ நாம் வாங்கிய பயணச்சீட்டின் வகையையும், நமது சட்டைப்பையில் இருக்கும் அங்கத்துவ அட்டையின் நிறத்தையும் பார்த்துவிட்டே தொகையைச் சொல்கிறது.

அந்த அட்டை எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதைக் கடந்த ஆண்டு ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வரை மூன்று பொதிகளைக் கொண்டுவந்தபோது முழுமையாக அறிந்துகொண்டேன். அடிக்கடி பறக்கும் அன்பர்களுக்கு இதில் பல தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அட்டையின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1978இல் அந்நாட்டு அரசு விமானக் கட்டணங்கள் மீதான தன் கட்டுப்பாட்டை நீக்கியது. நிறுவனங்களிடையே போட்டி மூண்டது. வாடிக்கையாளரைக் கட்டிவைக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே மாதம் முதலாந் திகதி அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம், பறந்த மைல்களைக் கணக்கில் வைத்து இலவசப் பயணம் வழங்கும் திட்டத்தை ஆரம்பித்தது. சில நாள்களிலேயே யுனைற்றட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. அக்காலத்தில் இத்திட்டங்களுக்கும் பொதிக்கும் பெரிய தொடர்பு இருக்கவில்லை. பொதி எல்லோருக்குமே இலவசமாக இருந்தது.

தொடர்பு உண்டானது 2008இல். அவ்வாண்டு எரிபொருள் விலை வரலாறு காணாத உயரத்துக்குச் சென்றது. யூலை மாதத்தில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் 147 டொலரைத் தொட்டது. அதற்கு முன்னதாகவே, யூன் 15 முதல், அமெரிக்கன் எயார்லைன்ஸ் முதலாவது பொதிக்கே 15 டொலர் அறவிடத் தொடங்கியது. ஏனைய பெரிய நிறுவனங்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. எண்ணெய் விலை அந்த ஆண்டின் இறுதிக்குள்ளேயே சரிந்துவிட்டது. கட்டணம் மட்டும் இறங்கவில்லை. 2009இல் அமெரிக்க நிறுவனங்கள் பொதிக் கட்டணமாக 270 கோடி டொலர் வரையில் ஈட்டின. 2023இல் அது 700 கோடி டொலரையும் தாண்டியது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் பயணச்சீட்டின் விலைமீது 7.5 சதவீத வரி உண்டு. பொதிக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. சீட்டின் விலையைக் குறைத்துக் காட்டிப் பொதிக்குத் தனியாகக் கேட்பதில் நிறுவனங்களுக்கு இருக்கும் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பொதிகள் இலவசம் என்பதையே தன் விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ற் நிறுவனமும் 2025 மே 28இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, முதற் பொதிக்கு 35 டொலர் என்று அறிவித்தது.

கட்டணம் பிறந்த அன்றே விலக்கும் பிறந்தது. உயர்நிலை அங்கத்தவர்களிடம் அறவிடுவதில்லை என்று நிறுவனங்கள் கூறின. அதுவரை ஓய்வறையும் முன்வரிசையும் மட்டுமே தந்துகொண்டிருந்த அட்டைக்கு, அன்றிலிருந்து ரொக்கப் பெறுமதி வந்துவிட்டது.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. அங்கத்தவராகச் சேர்வது இலவசம்; ஆனால் சேர்ந்த மாத்திரத்தில் பொதி விடயத்தில் எதுவும் கிடைப்பதில்லை. சேமிக்கும் மைல்கள் வேறு, நிலை என்பது வேறு. மைல்கள் செலவழிப்பதற்கானவை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று உலோகங்களின் பெயரால் வழங்கும் நிலையோ ஓராண்டுக்குள் எவ்வளவு பறந்தோம் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படுவது. ஓராண்டு பறக்காதிருந்தால் இறங்கிவிடும். இப்பொழுது அதுவும் மாறி, பறந்த தூரத்துக்குப் பதில் செலவழித்த பணத்தைக் கணக்கிடுகிறார்கள். டெல்டா நிறுவனம் 2024 முதல் டொலரை மட்டுமே அளவுகோலாகக் கொண்டுள்ளது. மலிவான சீட்டில் உலகைச் சுற்றுபவரைவிட விலையுயர்ந்த சீட்டில் இருமுறை பறப்பவரே இனி விசுவாசமான வாடிக்கையாளர்.

சலுகையின் அளவும் ஊருக்கு ஊர் மாறும். உலகில் பொதியை அளப்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று எடைமுறை, மொத்தம் இத்தனை கிலோ, அதை எத்தனை பெட்டியிலும் போடலாம். மற்றையது எண்ணிக்கைமுறை, இத்தனை பொதிகள், ஒவ்வொன்றும் 23 கிலோவுக்கு மேற்படலாகாது, நீளம் அகலம் உயரம் மூன்றும் கூடி 158 சென்ரிமீற்றரைத் தாண்டலாகாது. கனடா, அமெரிக்கா செல்பவர்களுக்கு எண்ணிக்கைமுறை. எடைமுறை நடைமுறையிலுள்ள வழித்தடங்களில் எமிரேற்ஸ் தன் வெள்ளி அங்கத்தவருக்கு 12 கிலோவும் தங்கத்துக்கு 16 கிலோவும் பிளாட்டினத்துக்கு 20 கிலோவும் கூடுதலாகத் தருகிறது. ஸ்ரார் அலையன்ஸ் கூட்டணியின் தங்க நிலையாளருக்கு எடைமுறையில் 20 கிலோ, எண்ணிக்கைமுறையில் ஒரு பொதி. அதே கூட்டணியின் வெள்ளி நிலையாளருக்குக் கூட்டணி முழுவதற்குமான பொதிச் சலுகை எதுவுமே கிடையாது. வெள்ளி அட்டையை வைத்துக்கொண்டு கருமபீடத்தில் வாதாடும் நண்பர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடில்லாத விடயம் ஒன்றுண்டு. கட்டுநாயக்காவில் நான் எத்தனையோ தடவை கண்ட காட்சி அது. வளைகுடா நாடொன்றுக்கு வீட்டுப் பணிக்குத் திரும்பும் பெண்ணொருவர் தரையில் குந்தியிருந்து பையைத் திறந்து, மிளகாய்த்தூள் பொதியையும் தாய் செய்து கொடுத்த பலகாரத்தையும் வெளியே எடுத்து வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுக்க வழிபார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கிலோ கூடிவிட்டது. பக்கத்து வரிசையில் கைப்பெட்டி ஒன்றை மட்டும் உருட்டிக்கொண்டு வருபவருக்கு இன்னும் 20 கிலோ கொண்டுசெல்லும் உரிமை உண்டு. அவருக்கோ கொண்டுசெல்ல எதுவுமில்லை. பொதி தேவைப்படுபவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பறப்பவர். சலுகை பெறுபவர் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பறப்பவர். இது வணிகத்துக்குப் பொருந்தலாம். எனக்குப் பொருந்தவில்லை.

ஆனால், அதே சலுகையை நான் பயன்படுத்தினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மகள் கனடாவிலும் மகன் அவுஸ்திரேலியாவிலும் வாழ்வதால், அதற்கு முந்திய ஆண்டில் நீண்ட பயணங்கள் மூன்று அமைந்து, வாழ்வில் முதற்தடவையாக ஒரு தங்க அட்டை என் கைக்கு வந்திருந்தது.

ஸ்காபரோவில் என் பழைய சகபாடி ஒருவர் காலமானார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பணியாற்றிய பத்திரிகையில் அவர் ஒப்புநோக்குநர். தொண்ணூறுகளின் முற்பகுதியில் புறப்பட்டபோது கையில் ஒரு தாளையும் அவரால் கொண்டுபோக முடியவில்லை. கனடாவுக்குப் போனபின்புதான் சேர்க்கத் தொடங்கினார். ஊரிலிருந்து வருபவர்கள் பனாட்டையும் புழுக்கொடியலையும் ஊர்ப் பத்திரிகையில்தானே சுற்றிக் கொண்டுவருவார்கள்? அவர் பண்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, தாளை விரித்து, நீவி, திகதிவாரியாக அடுக்கிவைத்தார். மற்றவர்களின் வீடுகளுக்கும் போய்க் கேட்டு வாங்கினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் இல்லாமல் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் அச்சானதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த இதழ்களும் அவரிடம் இருந்தன. பல எண்ணெய் படிந்தவை. சில பாதி கிழிந்தவை.

அவருடைய மனைவி இரண்டு காகிதப் பெட்டிகளைக் காட்டினார். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வீடு விற்பனைக்குப் போகிறது. "நீங்கள் கொண்டுபோகாவிட்டால் அண்ணை, நான் இவற்றை மறுசுழற்சித் தொட்டிக்குள்தான் போடவேண்டும்" என்றார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்ததையும், அதே நாள்களில் ஈழநாடு பணிமனை எரிந்ததையும் பார்த்தவன் நான். மறுமொழி சொல்ல யோசிக்கவில்லை.

பெட்டிகள் இரண்டு, என் உடுப்புப் பெட்டி ஒன்று. சென்னை வரையிலான பயணச்சீட்டில் இரண்டு பொதிகளுக்கு அனுமதி. தங்க அட்டையால் மூன்றாவது. கணக்குச் சரியாகவே இருந்தது. ஆயினும் ரொறன்ரோ கருமபீடத்தில் மூன்றாவது பொதிக்குப் பணம் கேட்டார்கள். சீட்டை விற்றது ஒரு நிறுவனம், விமானத்தை ஓட்டியது அதன் பங்காளியான இன்னொன்று. முன்பதிவில் நான் கொடுத்த அங்கத்துவ இலக்கம் முதலாவதிடமிருந்து இரண்டாவதின் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அட்டையை எடுத்து நீட்டினேன். அந்த இளம்பெண் இலக்கத்தைப் பதிந்ததும் கட்டணம் மறைந்தது. இலக்கம் பதிவில் இல்லையெனில் நீங்கள் தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. பயணத்துக்கு முதல்நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

அத்தோடு முடியவில்லை. இரண்டாவது பெட்டி 24.6 கிலோ காட்டியது. கூட்டணிச் சலுகை எண்ணிக்கையைக் கூட்டுமேயன்றி எடையைக் கூட்டாது. சில நிறுவனங்கள் தத்தம் சொந்த உயர்நிலை அங்கத்தவருக்கு 32 கிலோ வரை விட்டுக்கொடுப்பதுண்டு. பங்காளி நிறுவனத்தின் அங்கத்தவருக்கு அந்தத் தயவு இல்லை. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட கட்டொன்றை உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில் கொப்பித் தாள் இதழ்கள் இருந்தன என்பதால் அது நல்லதாகவே போயிற்று.

பொதி தொலைந்தால் என்ன ஆகும் என்று விமானத்தில் இருந்தபடி எண்ணிப் பார்த்தேன். 1929ஆம் ஆண்டு வார்சோ உடன்படிக்கையின்படி இழப்பீடு எடையைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஏறத்தாழ கிலோவுக்கு 20 டொலர். 1999இன் மொன்றியல் உடன்படிக்கை அதனை மாற்றி, ஒரு பயணிக்கு இவ்வளவு என்று உச்ச எல்லை வகுத்தது. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள். சுமார் 2,000 அமெரிக்க டொலர். எத்தனை பொதி கொண்டுவந்தாலும், எந்த நிற அட்டை வைத்திருந்தாலும் அந்த எல்லை ஒன்றுதான். அதுவும் நிரூபிக்கக்கூடிய இழப்புக்கு. பனாட்டுச் சுற்றிய பத்திரிகைக்கு எந்தக் கடையில் விலைச்சிட்டை வாங்குவது?

பெட்டிகள் சென்னைக்குப் பத்திரமாக வந்தன. பலாலி செல்லும் விமானத்துக்கு நான் வாங்கியிருந்தது தனிச் சீட்டு. ஒரே சீட்டில் பல நிறுவனங்கள் இருந்தால், முதன்மையான ஒரு நிறுவனத்தின் பொதி விதியே வழி முழுவதற்கும் செல்லும் என்பது சர்வதேச ஏற்பாடு. தனிச் சீட்டு என்றால் ஒவ்வொன்றும் புதிய பயணம். அந்தச் சிறிய விமானத்தை நடத்தும் நிறுவனம் என் கூட்டணியில் இல்லை. அங்கே எடைமுறை. மூன்று பொதியும் சேர்ந்து 64 கிலோ. சீட்டில் இருந்த அனுமதி அதன் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. இதனை எதிர்பார்த்து மேலதிக எடைக்குப் பணம் வைத்திருந்தேன். ஆனால் பணத்துக்கும் எல்லை இருந்தது. விமானம் சிறியது, அன்றைய சுமை ஏற்கெனவே நிரம்பிவிட்டது, பணம் தந்தாலும் மூன்றில் இரண்டைத்தான் ஏற்கலாம் என்றார் கருமபீடத்தில் இருந்தவர். மற்றையதை அடுத்த விமானத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். இடமிருந்தால் பார்க்கலாம் என்றார். என்றைக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவரில் குறை சொல்வதற்கில்லை. விமானி கேட்கும் எடைக்கு மேல் அவரால் ஏற்ற முடியாது.

வழியனுப்ப வந்த நண்பர் இன்னும் வாசலில் நின்றது நல்லதாயிற்று. உடுப்புப் பெட்டியை அவரிடம் ஒப்படைத்தேன். மருந்துகளையும் ஒரு சாரத்தையும் மட்டும் எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு, இரண்டு காகிதப் பெட்டிகளையும் தராசில் ஏற்றினேன். மேலதிக எடைக்குச் செலுத்தியது பயணச்சீட்டின் விலையில் பாதிக்கும் மேல். பற்றுச்சீட்டை வாங்கி, பத்திரிகைக் கட்டுகளோடு அதனையும் வைத்திருக்கிறேன்.

இப்போது இதழ்களைத் திகதிவாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் எண்ணிமப்படுத்தக் கொடுப்பதாக எண்ணம். எண்ணெய் படிந்த தாள்களில் எழுத்து மறுபக்கம் தெரிகிறது; ஆயினும் வாசிக்கலாம். 

என் தங்க அட்டை இவ்வாண்டு பெப்ரவரியோடு காலாவதியாகிவிட்டது. உடுப்புப் பெட்டி இன்னும் சென்னையில் இருக்கிறது. அடுத்த மாதம் கலியாண வீடொன்றுக்காக அங்கே போகும் மருமகன் அதனை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறான். கலியாண வீட்டுச் சேலைகள் போக எத்தனை கிலோ மிஞ்சும் என்று அவன் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.