கழுவினால் தெரியும் கீறல்

கழுவினால் எதுவும் புதிதாகிவிடும் என்பது நம் வீடுகளில் உள்ள நம்பிக்கை. பாத்திரமும் உடுப்பும் அப்படித்தான். இசைத்தட்டு அந்த வகையில் சேராது. தூசும் பூஞ்சணமும் மூடியிருக்கும்வரை அது நல்ல தட்டா, பழுதான தட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போதுதான் அதன் கீறல்கள் தெரியவரும். கடந்த டிசம்பர் விடுமுறையில் 41 தட்டுகளைக் கழுவியபோது இதை நான் விளங்கிக்கொண்டேன்.

அவை என் மூத்தப்பாவின் தட்டுகள். கொழும்பில் வேலை செய்த இளமைக் காலத்தில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கியவை. பெரும்பாலானவை தமிழ், ஹிந்திப் படப் பாடல்கள். சில, இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் கேட்டுப் பழகிய நாகூர் ஹனிபாவின் பாடல்கள். மூன்று தட்டுகள் மட்டும் வேறு. அவை எகிப்தின் காரி ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்களின் கிராஅத். முழுக் குர்ஆனையும் அவர் ஓதிய பதிவு 1961இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவாக வெளிவந்தது அதுவே முதல் தடவை.

ஹஜ்ஜுக்குப் போய் வந்த பின், வீட்டில் இனிப் பாட்டு வேண்டாம் என்று உம்மும்மா கேட்டுக்கொண்டாராம். மூத்தப்பா வாதாடவில்லை. கிராஅத் கேட்கக் கசெட் வந்துவிட்ட காலம் அது. எனவே எல்லாத் தட்டுகளும் ஒரே பெட்டியில் அலுமாரிக்கு மேலே ஏறின. எங்கள் ஊர் கம்பளை. ஈரக்காற்றுக்குக் குறைவில்லாத ஊர். பல வருடங்களின் பின் பெட்டியைத் திறந்தபோது தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது.

பெட்டியைத் திறந்ததற்குக் காரணம் மூத்தப்பாவின் கண். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து ஆள் முகம் தெரியாத நிலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்காமல் தனியார் ஆஸ்பத்திரியில் செய்துவிடலாம் என்று பெரிய மாமா நினைத்தார். பழைய இசைத்தட்டு வாங்கும் ஒருவர் தொலைபேசியில் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு, பெட்டிக்கு மொத்தமாக ஒரு விலை சொன்னார். அந்தப் பணம் கண்ணுக்குப் பெரும் உதவியாக இருந்திருக்கும்.

மூத்தப்பா கிராஅத் தட்டுகளைக் கொடுக்க மறுத்தார். மற்ற 38ஐயும் கொடுக்கச் சம்மதித்தார், ஆனால் கழுவிய பிறகுதான் என்றார்.

“கழுவி என்னத்துக்கு வாப்பா? அவர் பாக்காமத்தானே விலை செல்லி இரிக்கார்” என்றார் மாமா.

“அவர் பாக்கல்லண்டா நாமளும் பாக்காம இரிக்கிறதா?” என்று கேட்டார் மூத்தப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, “மகள், உங்களுக்குத்தான் கண் நல்லா இரிக்கி. நீங்க செய்யுங்க” என்றார்.

முதல் வேலை தட்டுகளை வகை பிரிப்பது. பாரமாகவும், கீழே விழுந்தால் பீங்கான்போல் உடைவதாகவும் இருப்பவை நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டுகள். அவை அரக்கினால் ஆனவை. மெலிந்து, சற்று வளைந்து கொடுப்பவை 1948க்குப் பின் வந்த வினைல் தட்டுகள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பூஞ்சணம் போய்விடும் என்று அயல்வீட்டார் சொன்னார்கள். மூத்தப்பா பதறிப்போய்த் தடுத்தார். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே கதிரைக்கும் மேசைக்கும் பொலிஷ் போடுகிறார்கள்? அதே அரக்குத்தான் இந்தத் தட்டு. ஸ்பிரிட் பட்டால் அழுக்கோடு பாட்டும் கரைந்துவிடும்.

உம்மா, பூஞ்சணம் பிடித்த எதையும் செய்வதுபோல், பாய் விரித்து வெயிலில் காயவைக்கச் சொன்னார். அதுவும் ஆகாது. வினைல் சூட்டில் இளகும். வெயிலில் கிடந்த தட்டு அப்பம்போல் ஓரம் வளைந்துவிடும். பிறகு அதை நேராக்குவது கடினம்.

ஆகவே வெளி விறாந்தையில் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் உலர்ந்த பூஞ்சணத்தைத் தட்டிவிட்டேன். வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்துகள் எல்லோருடைய மூச்சிலும் கலக்கும். பிறகு ஒரு பேசினில் இளஞ்சூட்டுக்கும் குறைந்த தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி. நடுவில் ஒட்டியுள்ள காகிதம் நனையாதபடி இரு பக்கமும் ஐஸ்கிரீம் டப்பா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஈரமான பருத்தித் துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுக்கக் கூடாது.

வட்டமாக ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம் என்பதை அறிந்தேன். ஓரத்தில் தொடங்கி நடுவரை சுருண்டு செல்லும் அந்த ஒற்றைப் பள்ளத்தை நீட்டி வைத்தால், பெரிய தட்டில் அது ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் வரும். அதன் சுவர்களில் உள்ள நெளிவுகள்தான் குரல். குறுக்கே துடைத்தால் தூசு அந்தச் சுவர்களில் உராயும். பள்ளத்தின் வழியே துடைத்தால் அது வந்த வழியே வெளியேறும்.

குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கறை விடும். ஆகவே கடைசியாக அலசுவதற்கு, வாகன பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை மாமாவே வாங்கித் தந்தார். கழுவிய தட்டுகளைப் பீங்கான் வைக்கும் தாங்கியில் இடைவெளி விட்டு நிறுத்தி, நிழலில் ஓர் இரவு உலரவிட்டேன். பழைய உள்ளுறைகளில் பூஞ்சணம் இருந்ததால் புதிதாகத் தாள் உறைகள் வெட்டி ஒட்டினேன்.

உலர்ந்த தட்டுகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. டவுனில் வானொலி திருத்துபவர் ஒருவர் மூத்தப்பாவின் பழைய பிளேயரை ஓடவைத்துத் தந்தார். அதன் ஊசியைத் திருப்பிப் போடலாம். ஒரு முனை வினைலுக்கு, சற்றுத் தடித்த மறுமுனை 78 தட்டுக்கு. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் தட்டும் கெடும், சத்தமும் கெடும். ஊசி முனையில் சேரும் பஞ்சுத் தூசைப் பின்னாலிருந்து முன்னால் மட்டுமே தள்ள வேண்டும்.

“சோதிக்கத்தானே, போடுங்க” என்று உம்மும்மா அனுமதி தந்தார். கண் தெரியாத மூத்தப்பா கதிரையில் இருந்துகொண்டே ஒவ்வொரு தட்டின் நிலையையும் சொன்னார். ஒழுங்கில்லாமல் அங்குமிங்கும் பொரிந்தால் அது தூசு. ஒரே இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று கேட்டால் அது கீறல். பெரிய வினைல் தட்டு நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் தடவைக்குச் சற்று அதிகமாகச் சுழல்கிறது. கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஊசியைச் சந்திக்கும். அதாவது 1.8 செக்கனுக்கு ஒரு தடவை. மூத்தப்பா அதைக் கதிரைக் கையில் விரலால் தட்டிக் காட்டுவார்.

“தூசிண்டா இன்னொருக்காக் கழுவுங்க, போகும். கீறல்ண்டா கழுவிப் போகாது மகள். எழுதி வைங்க.”

அப்படித்தான் துண்டுகள் எழுதத் தொடங்கினேன். ‘முதற் பக்கம், இரண்டாம் பாட்டில் கீறல்.’ ‘ஓரத்தில் மயிரிழை வெடிப்பு.’ ‘சற்று வளைந்துள்ளது, ஆனால் ஓடும்.’ ஒவ்வொரு துண்டையும் அந்தந்த உறைக்குள் வைத்தேன். 38இல் 14க்குத் துண்டு வைக்க வேண்டியிருந்தது. மாமா அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஒவ்வொரு துண்டும் விலையைக் குறைக்கும் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கழுவாமல் கொடுத்திருந்தால் ஒரு துண்டும் எழுத வேண்டி வந்திருக்காது.

பாட்டு வேண்டாம் என்று சொன்ன உம்மும்மாதான் அப்போது பேசினார். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவத்தை நாங்கள் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டார்களே, அதை உம்மும்மா நினைவூட்டினார். “தானியத்துக்கு ஈரம், இதுக்குக் கீறல். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். பரீட்சைக்காக நான் பலமுறை எழுதிய ஹதீஸ் அது. அதற்காக எங்கள் வீட்டில் யாரோ ஒருவர் பணத்தை இழக்க வேண்டிவரும் என்று எழுதும்போது நினைத்ததில்லை.

வாங்குபவர் ஜனவரியில் வந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முதலில் சொன்ன விலையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தந்தார். பேரம் பேச இடமிருக்கவில்லை, குறைகளை நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். ஆனால் துண்டு இல்லாத 24 தட்டுகளை அவர் உறையிலிருந்து வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே எண்ணிப் பெட்டியில் அடுக்கினார்.

அந்தப் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போதவில்லை. மூத்தப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறார். திகதி கிடைத்துவிட்டது. காத்திருப்பது பற்றி அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

மிஞ்சிய மூன்று தட்டுகளும் இப்போது சாலை அலுமாரியில் புத்தகம்போல் நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று கிடத்தினால் பாரத்தில் வளையும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு பக்கம் கேட்போம். மூத்தப்பா வுழூ செய்துவிட்டுத்தான் கதிரையில் அமர்வார். அது கட்டாயம் என்று அவர் சொன்னதில்லை, அவருக்கு அது மரியாதை. நான் கையைக் கழுவித் துடைத்து, விரல் பள்ளத்தில் படாமல் ஓரத்தில் பிடித்து, ஒரு தடவை வட்டமாகத் தூசு தட்டிவிட்டு ஊசியை இறக்குவேன். இரண்டாம் தட்டின் தொடக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது. அதற்கும் ஒரு துண்டு எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன்.