கூரை இல்லாத கோயில்

பாட்டா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எந்தக் கோயில் வாசலிலும் அவர் செய்வதுதான். உள்ளே நாலடி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். நாலு சுவர் இருந்தது, கூரை இல்லை. பங்குனி வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கியது. "மேல ஒண்ணும் இல்லல்லா மக்கா" என்று துண்டை மறுபடியும் கட்டிக்கொண்டார்.

உதயகிரிக் கோட்டை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் துண்டுதான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவும் அவருடைய தளபதி டிலனாயும் அதற்குப் பிறகுதான்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற பஸ் வில்லுக்குறியைத் தாண்டினால் புலியூர்க்குறிச்சி. அங்கேதான் கருங்கல் மதில். உள்ளே ஏறக்குறைய தொண்ணூறு ஏக்கர், நடுவில் ஒரு குன்று. டிலனாய் கோட்டை என்றும் அதற்கொரு பேர் உண்டு. ஆனால் டிலனாய் வந்து இறங்கியது இங்கே அல்ல, குளச்சலில்.

குளச்சல் எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். லீவுக்குப் போனால் சாயங்காலம் கடற்கரையில், வெற்றித்தூண் அருகே விளையாட்டு. அது எதற்கு நட்ட தூண் என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. பாட்டாதான் ஒருநாள் சொன்னார். பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்களாம், தூரத்திலிருந்து பார்க்கிற டச்சுக்காரனுக்கு அத்தனையும் பீரங்கி. இது கதையாகவே இருக்கட்டும். 1741 ஆகஸ்டில் டச்சுக் கம்பெனியின் படை அங்கே சரணடைந்தது சரித்திரம். முற்றுகையில் ஒரு குண்டு அவர்களுடைய வெடிமருந்தில் விழுந்து, அரிசி இருப்பு முழுக்க எரிந்துபோனதாகச் சொல்வார்கள். "வெடிக்குத் தோக்கல, கஞ்சி இல்லாம தோத்தானாக்கும்" என்பது பாட்டாவின் தீர்ப்பு. வயல்காரருக்கு அப்படித்தானே தோன்றும்.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். கைதியாக வந்தவரையே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார் மார்த்தாண்ட வர்மா. உதயகிரியில் பீரங்கி வார்த்தார்கள். கடைசியில் அவர் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனார். ஆனாலும் கிறிஸ்தவர் என்பதால் பக்கத்திலேயே இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவருக்கு இடமில்லை. குடியிருப்பு கோட்டையில், வழிபாட்டுக்கு, பாட்டா அண்ணாந்து பார்த்த அந்தச் சின்னக் கோயில். இன்று அதே அரண்மனையில் அவர் சரணடைகிற படம் இருக்கிறது. ஆளை விடவில்லை, தோற்ற கோலத்தை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

இந்தக் கோட்டையில்தான் நட்டாலம் நீலகண்ட பிள்ளை என்பவருக்கு டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதாகச் சொல்கிறார்கள். பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் வத்திக்கானில் புனிதர் பட்டம். முட்டிடிச்சான் பாறை கோட்டைக்குப் பக்கந்தான். அவர் தாகத்தில் கைமுட்டால் இடிக்கத் தண்ணீர் வந்த பாறை என்பது நம்பிக்கை. அன்றைக்கு நாங்கள் முதலில் போனது அங்கேதான். பாட்டா உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, எனக்கும் கொடுத்து, வாயைத் துடைத்தார். அதே துண்டால்.

கோயிலுக்குள் டிலனாயின் கல்லறைமேல் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. ஏறக்குறைய 37 வருஷம் மன்னருக்கு விசுவாசமாக உழைத்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அடக்கியவர், 1777 ஜூன் 1இல் இறந்தார் என்பது லத்தீன் வாசகத்தின் சாரம். பாட்டா திருவிதாங்கூர் காலத்தில் மலையாளம் படித்தவர். 1956இல் இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்குப் பள்ளிக்கூட வயசு தாண்டிவிட்டது. "ஒனக்குத் தெரிஞ்ச எழுத்தாக்கும், வாசி" என்றார். நான் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். பாதி புரியவில்லை, புரிந்த மாதிரி ஒப்பித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

போன மாசம் மறுபடியும் போனேன். கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. என்னோடு டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாம் மான் கூண்டுப் பக்கம் திரும்பினார்கள். கல்லறைப் பக்கம் நான் மட்டும். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். உள்ளே நாலடி வைத்ததும் வெயில் சுள்ளென்று விழுந்தது. மேலே பார்த்தேன், தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டேன்.